சின்ன எஸ்.யூ.வி.க்கு வீட்டிலேயே டிரெய்லர் ஹிட்ச் மாட்டுவது: முழுமையான வழிகாட்டி

ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் ஈ.சி.ஆர். பக்கம் போனால், சைக்கிளைக் காருக்குள் திணித்துக்கொண்டு வருகிறவர்களைப் பார்க்கலாம். நானும் அந்தக் கூட்டத்தில் இருந்தவன்தான். பின் சீட்டை மடக்கி, சைக்கிளின் முன் சக்கரத்தைக் கழற்றி, செயின் கிரீஸ் சீட்டில் படாமல் பழைய வேட்டியைச் சுற்றி உள்ளே தள்ளுவேன். மகளும் சைக்கிள் ஓட்ட ஆரம்பித்ததும் இரண்டாவது சைக்கிளுக்கு இடமில்லை. டிக்கிக் கதவில் பெல்ட் போட்டுக் கட்டுகிற கேரியர் ஒன்றை வாங்கிப் பார்த்தேன். கதவு ஓரத்தில் பெயின்ட் போனதுதான் மிச்சம். அப்புறம்தான் ஹிட்ச் பற்றி, அதாவது டிரெய்லரையோ சைக்கிள் கேரியரையோ மாட்ட வண்டியின் பின்பக்கம் அடியில் பொருத்தும் இரும்புச் சட்டம் பற்றி, யோசிக்க ஆரம்பித்தேன்.

கடைக்குப் போய்க் கேட்டால் பம்பருக்குக் கீழே ஒரு பட்டை, அதன் மேல் பளபளவென்று ஒரு குண்டு என்று எதையோ காட்டுவார்கள். அது அலங்காரம். உங்கள் பம்பர் வெறும் பிளாஸ்டிக் தோல். லாரிக்கோ பழைய ஜீப்புக்கோ இருப்பதுபோலச் சின்ன எஸ்.யூ.வி.க்குத் தனி சேஸிஸ் கிடையாது. டிக்கித் தளத்துக்கு அடியில் இடமும் வலமுமாக, தகட்டை மடித்துப் பெட்டி போலச் செய்த இரண்டு மெம்பர்கள் ஓடும். இழுக்கும் சுமையையும் தாங்கும் சுமையையும் அந்த இரண்டும்தான் வாங்க வேண்டும். ஹிட்ச் வேலையில் எந்தச் சந்தேகம் வந்தாலும் நான் ஒரே கேள்வியைத்தான் கேட்டுக்கொள்வேன்: சுமை இந்த இடத்திலிருந்து எங்கே போகிறது? ‘மெம்பருக்கு’ என்று பதில் வந்தால் சரி. ‘பம்பருக்கு’, ‘டிக்கித் தகட்டுக்கு’ என்று வந்தால் அந்தப் பொருளைக் கடையிலேயே விட்டுவிட்டு வாருங்கள்.

முதலில் காகித வேலை

வண்டியோடு வந்த கையேட்டை எடுத்து ‘டிரெய்லர்’ என்ற தலைப்பைத் தேடுங்கள். இந்தியாவில் விற்கும் சின்ன வண்டிகள் பலவற்றின் கையேட்டில், இந்த வண்டி டிரெய்லர் இழுக்க வடிவமைக்கப்படவில்லை என்றே எழுதியிருக்கும். அப்படி இருந்தால் இழுவை என்ற பேச்சை அதோடு விட்டுவிடுங்கள். வெளிநாட்டுக் கணக்கை இங்கே கொண்டுவந்து பொருத்தவும் முடியாது. நம் மறைமலை நகர் ஆலையில் செய்து அமெரிக்காவுக்குக் கப்பலேறிய ஃபோர்டு ஈகோஸ்போர்ட்டையே பாருங்கள். அங்கே 2 லிட்டர் நான்கு சக்கர இயக்க வண்டிக்கு 2,000 பவுண்டு, அதாவது சுமார் 907 கிலோ வரை இழுக்கலாம் என்று சொன்னார்கள். 1 லிட்டர் வண்டிக்கு 1,400 பவுண்டுதான். ஒரே ஆலை, ஒரே உடல், ஆனாலும் இஞ்சினும் இயக்க அமைப்பும் மாறினால் எண்ணும் மாறிவிடுகிறது. உங்கள் வண்டிக்கு உங்கள் கையேடு சொல்வதுதான் கணக்கு.

அடுத்தது சட்டம். மோட்டார் வாகனச் சட்டம் 1988-இல் ‘மோட்டார் வாகனம்’ என்பதன் விளக்கத்திலேயே டிரெய்லரும் அடங்கும். ஆகவே டிரெய்லர் என்பது தனி வாகனம், அதற்கும் பதிவு வேண்டும். வெல்டிங் பட்டறையில் இரண்டு சக்கரம் வைத்து ஒரு வண்டி செய்து கட்டி இழுத்துப் போனால் அது பதிவில்லாத வாகனம். அதே சட்டத்தின் 52-ஆம் பிரிவு, பதிவுச் சான்றில் உள்ள விவரம் மாறுகிற மாதிரி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2017 டிசம்பரில் முன்பக்க கிராஷ் கார்டுகள் மீது நடவடிக்கை எடுக்கும்படி மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் மாநிலங்களுக்கு எழுதியது இந்தப் பிரிவைச் சுட்டித்தான். பின்பக்கத்தில் நிரந்தரமாக ஒரு இரும்பு துருத்திக்கொண்டிருந்தால் போலீஸ்காரர் கையைக் காட்டி நிறுத்தத்தான் செய்வார். ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். இன்ஷூரன்ஸ் நிறுவனத்துக்கு எழுத்தில் தெரிவித்துப் பதிலையும் எழுத்தில் வாங்கி வையுங்கள். நான் அப்படித்தான் செய்தேன். ஹிட்ச் எனக்குச் சைக்கிள் கேரியருக்கு மட்டும், கழற்றி மாட்டும் வகை.

டிக்கியில் சி.என்.ஜி. சிலிண்டர் உள்ள வண்டி என்றால் இந்த வழிகாட்டியை இங்கேயே மூடிவிடலாம். அந்தத் தளத்துக்குப் பக்கத்தில் டிரில்லோடு நீங்கள் போகவே கூடாது.

எந்த ஹிட்ச்?

உங்கள் மாடலுக்கென்றே செய்த கிட் கிடைத்தால் மட்டும் இறங்குங்கள். முதல் தலைமுறை டஸ்ட்டர் போல ஐரோப்பாவிலும் அதே உடலோடு விற்ற வண்டிகளுக்குத் தேடினால் கிடைக்கும். இதில் வலது ஸ்டியரிங், இடது ஸ்டியரிங் பேதம் பெரும்பாலும் பாதிக்காது, வேலை முழுக்கப் பின்பக்கம்தானே. ‘அம்பத்தூரில் தெரிந்த பட்டறை இருக்கிறது, அளவு கொடுத்தால் செய்து தருவார்கள்’ என்று எனக்கும் சொன்னார்கள். நல்ல பட்டறைதான், கை சுத்தம்தான். ஆனால் ஹிட்ச் ஒரே அடியில் உடைகிற பொருளல்ல. ஆயிரம் ஸ்பீடு பிரேக்கர் ஏறி இறங்கிய பிறகு வெல்டிங் ஓரத்தில் மயிரிழை விரிசல் விட்டு, ஒருநாள் வேளச்சேரி மேம்பாலத்தில் கழன்று விழும். அந்தச் சோதனையைச் செய்து பார்க்கப் பட்டறையில் கருவி கிடையாது.

இரண்டு வகை உண்டு. ஐரோப்பிய வகையில் அன்னத்தின் கழுத்து போல வளைந்த கம்பி, நுனியில் 50 மி.மீ. உருண்டை இருக்கும். அமெரிக்க வகையில் சதுரக் குழாய் இருக்கும், அதில் வேண்டியதைச் செருகி, கழலாமல் இருக்கக் குறுக்கே ஒரு பூட்டு ஊசி போட வேண்டும். சின்ன வண்டிக்கு 1¼ அங்குலக் குழாய், பெரியவற்றுக்கு 2 அங்குலம். ஐரோப்பிய ஹிட்ச்சில் ஒட்டியிருக்கும் தகட்டில் ‘எஸ்’ என்று ஓர் எண் இருக்கும். உருண்டை மேல் செங்குத்தாக அமுக்கக்கூடிய அதிகபட்ச எடை அது, கிலோவில். பக்கத்தில் உள்ள ‘டி’ மதிப்பு இழுவைக்கானது. தகடே இல்லாத ஹிட்ச்சை வாங்காதீர்கள்.

எடைக் கணக்கை ஒரு தாளில் போட்டுப் பாருங்கள். கேரியர் 16 கிலோ, சைக்கிள் இரண்டும் 26, ஹிட்ச் 18. ஆக 60 கிலோ. இது பின் அச்சிலிருந்து 1.1 மீட்டர் பின்னால் தொங்குகிறது என்று வையுங்கள். முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையே 2.6 மீட்டர். பூங்காவில் பிள்ளைகள் ஏறி இறங்கும் சீ-சா பலகை போலத்தான்: 60-ஐ 1.1-ஆல் பெருக்கி 2.6-ஆல் வகுத்தால் சுமார் 25. அத்தனை கிலோ முன் சக்கரங்களிலிருந்து குறைகிறது. பின் சக்கரங்களில் 60 அல்ல, 85 கிலோ கூடுகிறது. டிக்கியில் ஏற்கெனவே சாமான், பின் சீட்டில் மூன்று பேர் என்றால் பின் ஸ்பிரிங் உட்கார்ந்துவிடும். முன் சக்கரத்தில் பிடிமானமும் குறையும், மழை நாளில் ஸ்டியரிங்கில் அது தெரியும்.

தேவையான கருவிகள்

10, 13, 17, 19 சாக்கெட், ராட்செட், நீட்டிப்புக் கம்பி, ஒரு ரிங் ஸ்பானர் செட், டார்க்ஸ் பிட் (நட்சத்திர முனை), பம்பர் கிளிப்பை நெம்ப ஒரு பிளாஸ்டிக் கத்தி, கம்பி பிரஷ், காந்தம், கட்டுக்கம்பி, ஜிங்க் பிரைமர், மல்டிமீட்டர். குறித்த அளவு இறுக்கம் வந்ததும் க்ளிக் அடிக்கும் டார்க் ரெஞ்ச் கட்டாயம். வாங்க மனமில்லையென்றால் தெரிந்த மெக்கானிக்கிடம் ஒருநாள் கடன் கேளுங்கள். பம்பர் கிளிப் பத்து கூடுதலாக வாங்கி வையுங்கள், பழசு நாலாவது உடையும். நான் ஜி.பி. ரோட்டில் வாங்கினேன். போல்ட் ஏதாவது குறைந்தால் பாரிமுனைப் பக்கம் செம்புதாஸ் தெருவில் போய் வலுவைக் குறிக்கும் 8.8 அல்லது 10.9 என்ற எண் தலையில் பொறித்ததாகக் கேட்டு வாங்குங்கள். எண் இல்லாத போல்ட் கிரில் கதவுக்கு ஆகும், இதற்கு ஆகாது.

அப்புறம் ஒரு ஆள். ஹிட்ச் பதினைந்து இருபது கிலோ இருக்கும். படுத்துக்கொண்டு நெஞ்சுக்கு மேலே அதைத் தூக்கிப் பிடித்தபடி நட்டும் போட முடியாது. எனக்கு மச்சான் வந்தார்.

வண்டியைத் தூக்குவது

முடிந்தால் தூக்காமலே செய்யுங்கள். தரையிலிருந்து 200 மி.மீ. உயரம் உள்ள வண்டிக்கு அடியில் அட்டையை விரித்துப் படுத்துக்கொண்டே பாதி வேலை ஆகிவிடும். தூக்கித்தான் ஆக வேண்டும் என்றால், ஒன்றை மறக்காதீர்கள்: ஹேண்ட்பிரேக் பிடிப்பது பின் சக்கரங்களை. பின்பக்கத்தைத் தூக்கிய நொடியில் அது இருந்தும் இல்லாததுபோல. முன் சக்கரங்கள் இரண்டுக்கும் முன்னும் பின்னும் மரக்கட்டை வைத்து, கியரில் போட்டு விடுங்கள். அபார்ட்மென்ட் பார்க்கிங்கில் வழவழப்பான டைல்ஸ் என்றால் ஜாக்குக்கு அடியில் பிளைவுட் பலகை வேண்டும். கார் ஜாக் தூக்குவதற்கு மட்டும். தூக்கியதும் இரண்டு ஸ்டாண்ட் போட்டு அதில் இறக்குங்கள். செங்கல், ஹாலோ பிளாக் இரண்டும் சொல்லாமல் கொள்ளாமல் நொறுங்கும்.

சைலன்சர் ஆறிய பிறகு தொடங்குங்கள். மே மாதத்தில் காலை 6 மணிக்கே ஆரம்பித்துவிடுவது நல்லது. 11 மணிக்கு மேல் அடியில் படுத்தால் நாம்தான் வேகிறோம்.

பம்பரைக் கழற்றுவது

வீல் ஆர்ச் உள்ளே இரு பக்கமும் ஸ்க்ரூ, அடியில் கிளிப், டிக்கிக் கதவைத் திறந்தால் மேலே போல்ட். சில வண்டிகளில் பின் விளக்கைக் கழற்றினால்தான் ஒளிந்திருக்கும் ஒரு ஸ்க்ரூ தெரியும். ஒவ்வோர் இடத்திலும் கழற்றியதைத் தனித்தனி டப்பாவில் போட்டுப் பெயர் எழுதி வையுங்கள். எல்லாம் எடுத்த பிறகு பம்பரை ஓரத்திலிருந்து வெளிப்பக்கமாக இழுத்தால் டப் டப்பென்று விடும். ஜோராக இழுத்துவிடாதீர்கள். ரிவர்ஸ் சென்சார், நம்பர் பிளேட் விளக்கு ஒயர்கள் பின்னால் தொடுத்திருக்கும். மச்சான் இழுக்க, நான் கனெக்டரைத் தேட, ஒரு சென்சார் ஒயர் அறுந்தது. அதை ஒட்டவே ஒரு மணி நேரம் போனது.

இப்போது ஒரு இரும்பு அல்லது அலுமினியக் குறுக்குச் சட்டம் தெரியும். பின்னால் யாராவது இடித்தால் முதல் அடியை வாங்குவது இதுதான். சில கிட்களில் இதை எடுத்துவிட்டு அந்த இடத்திலேயே ஹிட்ச்சின் சட்டம் உட்காரும், சிலவற்றில் இது அப்படியே இருக்க ஹிட்ச் கீழே தனியாக மாட்டும். கிட்டோடு வந்த வழிமுறைத் தாளில் எது சொல்லியிருக்கிறதோ அதுதான். ‘எதற்கு இரண்டு, ஒன்றை விட்டுவிடலாம்’ என்று சொந்த மூளையைப் பயன்படுத்தும் இடம் இதுவல்ல.

போல்ட் போடும் இடம்

வேலையின் உயிர் இங்கேதான் இருக்கிறது. இதற்கு மட்டும் அரை நாள் ஒதுக்குங்கள்.

வண்டி வாங்கும்போது ஷோரூமில் அடிப்பாகத்துக்கு ஆன்டி-ரஸ்ட் கோட்டிங் என்று கருப்பாக, ரப்பர் மாதிரி ஒன்றைப் பூசிக் கொடுத்திருப்பார்கள். ஹிட்ச்சின் தகடு மெம்பரில் உட்காரும் இடத்தில் மட்டும் அதைச் சுரண்டி எடுத்துவிட வேண்டும். அது மெத்தை போல மிருதுவானது. அதன் மேல் வைத்து இறுக்கினால் அன்றைக்கு டார்க் ரெஞ்ச் சரியாகத்தான் க்ளிக் அடிக்கும். நாளாக ஆக மெத்தை அமுங்கி போல்ட் தளர்ந்துவிடும். சுரண்டிய இடத்தில் மெல்லிசாக ஒரு கோட் ஜிங்க் பிரைமர் அடித்துக் காயவிடுங்கள். வெறும் இரும்பாக விட்டால் திருவான்மியூர்க் காற்றில் ஒரு வாரத்திலேயே சிவக்க ஆரம்பிக்கும்.

நல்ல கிட் என்றால் மெம்பரில் ஆலை போட்ட ஓட்டைகளே போதும், டிரில் தேவைப்படாது. உள்ளே வெல்டிங் செய்த நட் இருந்தால் அதன் மரையில் மண்ணும் பெயின்ட்டும் அடைத்திருக்கும். அதே அளவு டேப்பை (மரை வெட்டும் கருவி) விட்டுச் சுத்தம் செய்துவிட்டுத்தான் போல்ட் போட வேண்டும். கையால் நான்கு சுற்று சுலபமாகப் போகவில்லையென்றால் ஸ்பானரைத் தொடாதீர்கள். மரை போய்விட்டால் பெட்டிக்குள் இருக்கும் நட்டை மாற்ற வழியில்லை.

நட் இல்லாத ஓட்டைக்கு ஒரு தந்திரம். போல்ட்டை மெம்பருக்குள்ளிருந்து வெளியே வரவழைக்க வேண்டும், ஆனால் உள்ளே கை போகாது. கிட்டோடு நுனியில் சுருள் உள்ள கம்பி ஒன்று வரும். அதை ஓட்டை வழியாக உள்ளே விட்டு, மெம்பரின் திறந்த முனை வழியாக வெளியே எடுங்கள். முதலில் தடித்த வாஷர் தகட்டைக் கம்பியில் கோத்து, அதன் பிறகு போல்ட்டின் மரையைச் சுருளில் திருகி, மெதுவாக இழுங்கள். தகடும் போல்ட்டும் உள்ளே ஊர்ந்து வந்து ஓட்டையில் மூக்கை நீட்டும். ஊசியில் நூல் கோக்கிற பொறுமை வேண்டும். பாதியில் கழன்று உள்ளே விழுந்தால் காந்தத்தை விட்டுத் தேடுங்கள். அப்படியே விட்டுவிட்டால் வாழ்நாள் முழுக்க ஸ்பீடு பிரேக்கரில் கடகடவென்று சத்தம் கேட்டுக்கொண்டிருக்கும்.

ஓட்டை போட்டுத்தான் ஆக வேண்டும் என்று தாள் சொன்னால், மறுபக்கம் ஒயரோ பைப்போ போகிறதா என்று பார்த்த பிறகு 4 மி.மீ.யில் ஆரம்பித்துப் படிப்படியாகப் பெரிதாக்குங்கள். ஓரத்துப் பிசிறை அரத்தால் தேய்த்துப் பிரைமர் வையுங்கள். மழைத் தண்ணீர் முழங்கால் வரை ஏறுகிற ஊரில், பெட்டி மெம்பருக்குள் போகும் தண்ணீர் உள்ளிருந்தே அரிக்கும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் வந்தபோது தெருவில் நின்ற வண்டிகளை யோசித்துக்கொள்ளுங்கள். உள்ளே மெழுகு ஸ்ப்ரே அடித்துவிடுவது நல்லது.

சரி, இப்போது தூக்கி மாட்டுங்கள். எல்லா போல்ட்டையும் முதலில் கையால் மட்டும். ஒன்றைக்கூட இறுக்கக் கூடாது. குழாய் வண்டியின் நடுவில் இருக்கிறதா என்று இரு சக்கரங்களிலிருந்தும் டேப் வைத்து அளந்து பாருங்கள். சைலன்சருக்கும் சட்டத்துக்கும் இடையில் விரல் போகும் இடைவெளியாவது வேண்டும். பிறகு இடம் ஒன்று, வலம் ஒன்று என மாற்றி மாற்றிப் பாதி அளவுக்கு இறுக்கி, இரண்டாவது சுற்றில் முழு அளவு. எவ்வளவு என்பதற்குத் தாளில் உள்ள எண்தான் வேதவாக்கு. ஒரு உத்தேசத்துக்குச் சொல்கிறேன்: 8.8 ரகத்தில் எம்10 (10 மி.மீ. தடிமன்) போல்ட்டுக்கு 45 முதல் 50 நியூட்டன் மீட்டர், எம்12-க்கு 80 சுமார். இதைவிட ரொம்ப விலகி ஏதாவது எழுதியிருந்தால் போல்ட்டின் தலையில் உள்ள எண்ணை மறுபடி பாருங்கள். இறுக்கி முடித்ததும் போல்ட் தலையிலிருந்து தகடு வரை நெயில் பாலிஷால் ஒரு கோடு போடுங்கள். பின்னால் போல்ட் நகர்ந்தால் கோடு உடைந்திருப்பது கண்ணுக்குத் தெரியும். வீட்டம்மா நல்ல சிவப்பு நிறத்தைத் தர மறுத்துவிட்டார், எங்கள் வண்டியில் வெளிர் ஊதா.

பம்பரில் வாய் வெட்டுவது

ஹிட்ச்சின் முனை வெளியே வரப் பம்பரில் ஒரு வாய் வேண்டும். மாஸ்கிங் டேப் ஒட்டி, கோடு போட்டு, உள்பக்கத்திலிருந்து வெட்டுங்கள். முதல் வெட்டு தேவையைவிடச் சின்னதாக இருக்கட்டும். மாட்டிப் பார்த்து, கழற்றி, இன்னும் கொஞ்சம் என்று மூன்று தடவை வரலாம், பரவாயில்லை. கிட்டோடு வெட்டு அளவு அட்டை வந்தால் அதையும் நம்பாமல் ஒருமுறை வண்டியில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் இந்திய மாடலின் பம்பர் பல நேரம் வேறு வடிவம்.

ஒயரிங்

சைக்கிள் கேரியர் பின் விளக்கை மறைக்கவில்லையென்றால் இந்தப் பகுதியே தேவையில்லை. விளக்குப் பலகை உள்ள கேரியர் என்றாலோ, முறையாகப் பதிந்த டிரெய்லர் என்றாலோ ஏழு முனை சாக்கெட் வேண்டும். ஐ.எஸ்.ஓ. 1724 முறையில் ஒன்று இடது இண்டிகேட்டர், மஞ்சள். இரண்டு பின் ஃபாக் விளக்கு, நீலம். மூன்று எர்த், வெள்ளை. நான்கு வலது இண்டிகேட்டர், பச்சை. ஐந்து வலது பார்க்கிங் விளக்கு, பழுப்பு. ஆறு பிரேக், சிவப்பு. ஏழு இடது பார்க்கிங், கருப்பு.

பழைய வண்டியில் பின் விளக்கு ஒயரிலேயே கிள்ளி ஒட்டி எடுத்துவிடுவார்கள். இன்றைய வண்டியில் அப்படிச் செய்யாதீர்கள். விளக்குகளை ஒரு கம்ப்யூட்டர்தான் இயக்குகிறது. ஒரு 21 வாட் பல்பு கூடுதலாக ஏறினாலே 1.75 ஆம்பியர் கூடும். எல்.இ.டி. விளக்குக்கென்று வடிவமைத்த சர்க்யூட் அதைத் தாங்காது. பைபாஸ் ரிலே என்று கேட்டு வாங்குங்கள். அது வண்டியின் ஒயரிலிருந்து சிக்னலை மட்டும் முகர்ந்துகொள்ளும், மின்சாரத்தை பேட்டரியிலிருந்து தனி ஃபியூஸ் வழியாக எடுத்துக்கொள்ளும். வேலை ஆரம்பிக்கும் முன் பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றிவிடுங்கள். ஒயரைக் கடித்துப் பிடிக்கும் நீலக் கிளிப் வேண்டாம், நம் ஊர் ஈரத்தில் இரண்டே மழைக்காலத்தில் பச்சை பூத்துவிடும். சால்டரிங் செய்து ஹீட் ஷ்ரிங்க் போடுங்கள், இரண்டும் ரிச்சி தெருவில் கிடைக்கும். சாக்கெட் மூடியின் கீல் மேல்பக்கம் இருக்கிற மாதிரி மாட்டினால் தண்ணீர் தங்காது.

சோதனை

முதலில் நின்ற இடத்தில். மச்சான் எழுபது கிலோ சொச்சம். ஹிட்ச்சின் எஸ் மதிப்பு 75. அவரை மெதுவாக ஏறி நிற்கச் சொல்லி, நான் அடியில் டார்ச் அடித்துத் தகட்டுக்கும் மெம்பருக்கும் நடுவில் அசைவு தெரிகிறதா என்று பார்த்தேன். வண்டி அப்போது நான்கு சக்கரத்திலும் தரையில் நிற்க வேண்டும், ஸ்டாண்டில் இருக்கக் கூடாது.

பிறகு கேரியரை மாட்டிச் சைக்கிளை ஏற்றிப் பின்னால் பத்தடி தள்ளி நின்று பாருங்கள். நம்பர் பிளேட் முழுக்கத் தெரிய வேண்டும், பிரேக் விளக்கும் இண்டிகேட்டரும் தெரிய வேண்டும். மறைந்தால் சாலையில் ஏற்றாதீர்கள். ரிவர்ஸ் சென்சார் சைக்கிளைச் சுவர் என்று நினைத்துக் கத்தும், அதை அணைக்கும் பொத்தான் எங்கே என்று முன்கூட்டியே தெரிந்துகொள்ளுங்கள். முதல் ஓட்டத்தைப் பக்கத்துத் தெருக்களில், 30 கி.மீ. வேகத்தில், ஸ்பீடு பிரேக்கர்களில் ஏறி இறங்கி முடியுங்கள். பேஸ்மென்ட் சரிவில் இறங்கும்போது குழாய் தரையில் உரசுகிறதா என்று ஒருவரை நிற்க வைத்துப் பாருங்கள். என் வண்டி எங்கள் சரிவில் தப்பித்தது. மாமனார் வீட்டுச் சரிவில் உரசியது.

100 கி.மீ. ஓடியதும் எல்லா போல்ட்டையும் டார்க் ரெஞ்சால் ஒருமுறை பாருங்கள், 1,000 கி.மீ.யில் இன்னொரு முறை. அதன் பிறகு ஆண்டுக்கு ஒருதடவை, வடகிழக்குப் பருவமழை முடிந்த கையோடு, அடியைக் கழுவித் துருப் பிடித்திருக்கிறதா என்று பார்த்துப் பிரைமர் தொட்டு வைத்தால் போதும். சைக்கிள் ஏற்றாத நாளில் கேரியரையும் உருண்டைக் கம்பியையும் கழற்றி வீட்டில் வையுங்கள். பார்க்கிங்கில் இருட்டில் நடப்பவர்களின் முழங்காலுக்கு அது எமன், எங்கள் அசோசியேஷன் செக்ரட்டரி ஏற்கெனவே ஒருமுறை இடித்துக்கொண்டுவிட்டார். கம்பி செருகும் குழாயின் வாய்க்கு ரப்பர் மூடி போடவும் மறக்காதீர்கள். மூடாமல் விட்ட மூன்றே வாரத்தில் உள்ளே குளவி மண்கூடு கட்டியிருந்தது. அதைக் குத்தி எடுப்பதற்குள் மச்சான் கையில் இரண்டு கொட்டு.